இரண்டாவது கம்பு

அவரிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டால், "ஒரு செம்புத் தண்ணி, உனக்கு, இப்பவே. சரிதானா?" என்று நம்மிடமே திருப்பிக் கேட்பார். சரி என்று சொல்லும்வரை செம்பைத் தொடமாட்டார். அவர் நம்மிடம் ஏதாவது சொன்னால் அது இன்னும் மோசம். "இப்ப நான் என்ன சொன்னேன்? திருப்பிச் சொல்லு" என்பார். ஒரு வார்த்தை விட்டுப்போனாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தாகமெடுத்தவள் உங்கள் வாசலிலேயே செத்துப்போவாள் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். "தாகத்துல அவ்வளவு சீக்கிரம் யாரும் சாகமாட்டாங்க தங்கச்சி" என்றார். சிரிக்கக்கூட இல்லை, மனுஷன்.

நாங்கள் குடியிருந்த தோட்டத்து லயத்தில் அவருக்குத் 'திருப்பிச்சொல்லி' என்று பெயர் வைத்தவள் நான்தான். என் வாய் அப்படி. அவருக்குச் சொந்தப் பெயர் இருந்தது. அதை நான் எழுதப்போவதில்லை. அந்தக் காலத்தில் நாங்கள் யாரும் அவர் பெயரை வெளியே சொல்லாமல் இருந்ததால்தான் அவர் உயிர் தங்கியது. இத்தனை வருஷம் கழித்தும் அந்தப் பெயர் என் நாக்கில் வரமாட்டேன் என்கிறது.

அது மலாய் நாட்டில் ஜப்பான்காரன் காலம். மலையில், திரிங்காப் ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்தோம். வெள்ளைக்காரத் துரை காரில் ஏறி மலையிறங்கிப் போனவர் திரும்பவில்லை. அரிசியும் அவரோடு போய்விட்டது. சர்க்கரைவள்ளிக் கிழங்கும் கீரையும்தான் சோறு. கணக்கெழுதும் கிராணி மட்டும் பழைய நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவருக்கு மேலே, துரை இருந்த இடத்தில், ஒரு ஜப்பான் ஆபீசர்.

இவர் வந்தது ஒரு காய்கறி லோரியில், காலிக் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து. கீழே சமவெளியில் ஒரு சின்ன ஸ்டேஷனில் சிக்னல் இழுக்கிற வேலை பார்த்தவர். எங்கள் கங்காணிக்குத் தூரத்துச் சொந்தம். கங்காணி எங்களையெல்லாம் கிணற்றடியில் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்: "இவரு கிழங்குத் தோட்டத்துக்கு வந்த ஆளு. அவ்வளவுதான் உங்களுக்குத் தெரியும்லா. ரயிலுன்னு எவளாச்சும் வாயைத் தெறந்தீங்க, மறுநாளே இவரை சயாமுக்கு ஏத்திருவான்."

சயாமில் காட்டுக்குள்ளே தண்டவாளம் போட ஜப்பான்காரன் ஆள் பிடித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு தோட்டத்திலும் லோரி வந்து நிற்கும். ஏறிப் போனவர்களிடமிருந்து ஒரு கடுதாசிகூட வந்ததில்லை. ரயில் வேலை தெரிந்தவன் என்று தெரிந்தால் விடவே மாட்டான். போதாக்குறைக்கு எங்கள் ஆபீசர் அவன் நாட்டிலே ரயிலில் வேலை பார்த்தவனாம். கிராணி சொன்னார்.

சரி, ஒளிந்திருக்கிற மனுஷன் ஒளிந்திருக்க வேண்டாமா? தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையைத் தாண்டும்போதுகூட நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் தாண்டுவார். ஆட்டுக்குட்டிகூட வராத பாதை அது. "என்னண்ணே, மெயில் வருதா?" என்று நான் கிண்டல் பண்ணுவேன். "வரலைன்னு உனக்கு யாரு சொன்னா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

எங்கள் லயத்தில் ஒரு கல்யாணம் நடந்தது. மாதா கோயில் சாமியார் வர வழியில்லாததால் உபதேசியார்தான் நடத்தினார். சம்மதமா என்று பெண்ணைக் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ முனகினாள். உபதேசியார் அடுத்த வரிக்குப் போகிற நேரம், பின்னாலிருந்து ஒரு குரல்: "பொண்ணு சொன்னது காதுல விழல. இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க." எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். வேறு யார்? பெண்ணுக்கு வந்ததே கோபம், "சம்மதம்!" என்று கத்தினாள் பாருங்கள், ஆபீஸ் வரைக்கும் கேட்டிருக்கும். மாப்பிள்ளைக்கே முகம் மலர்ந்துவிட்டது. இவர் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார்.

எரிச்சல் தாங்காமல் ஒருநாள் கேட்டே விட்டேன். யார் உங்களை இப்படி ஆக்கினது என்று. கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"எனக்கு ஒரு கூட்டாளி இருந்தான். கார்டு வேலை. வண்டியோட கடைசிப் பெட்டியில கொடி வெச்சுக்கிட்டு நிப்பான்ல, அந்த வேலை. ஒருநாள் வண்டி நடுவழியில நின்னுபோச்சு. பின்னாடி வேற வண்டி வராதுன்னு யாரோ சொன்னாங்கன்னு அவன் எறங்கிப் பின்னாடி போய்க் கொடி காட்டாம உக்காந்திருந்தான். வண்டி வந்துருச்சு. யாரு சொன்னாங்கன்னு இன்னி வரைக்கும் தெரியல."

மறுபடி கத்தியை எடுத்து உரிக்க ஆரம்பித்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கிழங்கை எடுத்துக்கொண்டேன்.

இப்போது டிராலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலை உச்சிக் காட்டில் ஆண்கள் மரம் வெட்டுவார்கள். அந்த விறகு தொழிற்சாலை வாசலுக்கு வரவேண்டும். வெள்ளைக்காரன் போட்ட ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று மேலிருந்து கீழே வரும். அதில் இரண்டு டிராலி. விறகு ஏற்றிய டிராலி சரிவில் தானாக இறங்கும். பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி வண்டியிலேயே நிற்க வேண்டும். காலி டிராலியை நாலு பெண்கள் தள்ளிக்கொண்டு மேலே ஏற வேண்டும். ஏறுவதற்கு ஒரு மணி நேரம். ஆண்கள் காட்டில் இருந்ததால் டிராலி வேலை முழுக்க எங்கள் தலையில்.

இவர் வருவதற்கு முன் எங்களுக்கு ஒரே சட்டம்தான் தெரியும். மேலே இருப்பவள் "வர்றோம்!" என்று கத்துவாள். கீழே இருப்பவள் "வாங்க!" என்று கத்துவாள். நடுவில் மலை வளைந்து கிடக்கிறது. காற்று அடித்தால் யார் என்ன கத்தினார்கள் என்று மாதாவுக்குத்தான் வெளிச்சம். அப்படித்தான் ஒருத்தி காலில் இரண்டு விரலைப் பறிகொடுத்தாள்.

இவர் இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் ஒரு கம்போடு வந்தார். மார்பளவு உயரம், நேராகச் சீவி, சுண்ணாம்பில் மூன்று பட்டை போட்டிருந்தார். "இது யாரு கையில இருக்கோ அவங்களுக்குத்தான் பாதை. கம்பு கையில இல்லாம வண்டி அசையக்கூடாது. மேல கம்பு இருந்தா மேல இருக்குற வண்டிதான் எறங்கலாம். கீழ இருந்தா கீழ இருக்குறதுதான் ஏறலாம். திருப்பிச் சொல்லுங்க."

கங்காணிக்குப் பயம். "ஏன்யா உனக்கு வேலையத்த வேலை? சயாமுக்குப் போக ஆசையா?"

"கண்ணால பார்த்துக்கிட்டே சும்மா இருக்க என்னால ஆவாது மாமா."

அதோடு விடவில்லை. பாதி வழியில் ஒரு கிளைத்தடம் உண்டு. முன்னொரு காலத்தில் அங்கே விறகு அடுக்கினார்களாம், இப்போது ஒன்றுமில்லை. அந்தக் கிளையின் முடிவில் இவர் இளகிய மண்ணைக் கொட்டி மேடு போட்டார். தடம் பிரிகிற இடத்தில் இருந்த இரும்புக் கைப்பிடியில் ஒரு கல்லைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டார். சும்மா விட்டால் கல்லின் கனத்தில் தடம் மண்மேட்டுப் பக்கமே திரும்பியிருக்கும். இறங்குகிற டிராலி அங்கே வந்து நிற்க வேண்டும். ஒருத்தி இறங்கிக் கல்லைத் தூக்கிப் பிடித்தால்தான் நேர்ப்பாதை திறக்கும். நிற்க முடியாமல் ஓடிவருகிற வண்டி நேரே மண்ணுக்குள் போய்ப் புதையும். ஏறுகிற காலி வண்டிக்குத் தொந்தரவில்லை, சக்கரமே தடத்தைத் தள்ளிக்கொண்டு போய்விடும்.

"எதுக்குண்ணே எப்பவும் மண்ணுப் பக்கமே வெச்சிருக்கீங்க? நேராப் போற வண்டிதானே நிறைய?" என்று என் நாத்தனார் கேட்டாள். என் வீட்டுக்காரரின் தங்கை, பயந்த சுபாவம்.

"ஒண்ணும் தெரியலைன்னா நிக்கணும். நல்லாத் தெரிஞ்சா மட்டும்தான் போகணும். கல்லுக்கு ஒண்ணும் தெரியாதுல்ல, அதான்."

இளகிய மண்ணைப் பார்த்தால் பசித்தவள் சும்மா விடுவாளா? நாங்கள் அந்த மேட்டில் கிழங்குக்கொடி நட்டுவிட்டோம். வேர் ஓடினால் மண் இறுகிவிடும் என்று அவர் சத்தம் போட்டார். கிழங்கு தோண்டும்போது மண்ணைக் கிளறத்தானே போகிறோம் என்றேன். யோசித்துப் பார்த்துவிட்டு, ஒத்துக்கொண்டார்.

ஜப்பான்காரன் போன பிறகு அவர் கீழே இறங்கிப் போய் மறுபடி ரயிலில் சேர்ந்துவிட்டார் என்று சொன்னார்கள். யார் சொன்னார்கள் என்று அவர் இருந்தால் கேட்டிருப்பார். எனக்குத் தெரியாது. அதைவிட எனக்கு நன்றாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் அவரைக் கொல்லப் பார்த்த கதை அது.

ஒருநாள் ஆபீசர் தொழிற்சாலைச் சுவரில் சன்னல் விளிம்பு உயரத்தில் கோடு கிழித்தான். ஒரு வாரத்தில் விறகு அந்தக் கோடுவரை அடுக்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் காட்டில் மரம் வெட்டுகிற ஆண்களில் பத்துப் பேரை சயாமுக்கு அனுப்புவான். வெட்டு வேலை தெரிந்தவர்களும் அங்கே தேவையாம். கிராணியைப் பெயர் எழுதச் சொன்னான். மூன்றாவது பெயர் என் வீட்டுக்காரருடையது.

அன்று சாயங்காலம் கிராணி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "நான் என்னம்மா பண்றது, கூட நின்னு பாக்குறான். வெறகைக் கொண்டாந்துருங்க, அவ்வளவுதான்."

கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை எனக்கு. எப்படியாவது கோடுவரை விறகு வந்தாக வேண்டும் என்பதைத் தவிர மண்டையில் வேறு எதுவும் ஏறவில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் வராது. ஏனென்றால் ஒரே கம்பு. முதல் டிராலி இறங்கி, விறகை இறக்கி, கம்போடு திரும்பி ஏறி வரும்வரை இரண்டாவது டிராலி மேலே விறகோடு சும்மா நிற்கும். அரைநாள் அதிலேயே போகும்.

அதே நேரம் திருப்பிச்சொல்லியை நாலு நாளைக்குத் தானா ராத்தா பக்கம் கிழங்கு நிலம் கொத்த அனுப்பினார்கள். போகிற அன்று காலையில் கம்பை என் கையில் கொடுத்தார். கொடுத்தவர் உடனே விடவில்லை. நானும் பிடித்திருக்கிறேன், அவரும் பிடித்திருக்கிறார்.

"திருப்பிச் சொல்லு."

"ஒரே கம்பு. கம்பு கையில இல்லாம வண்டி அசையாது."

சரி என்று விட்டுவிட்டுப் போனார். அவர் போன லோரியின் புகை அடங்கவில்லை, நான் பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு போய் இன்னொரு கம்பு வெட்டினேன். அதே உயரம், அதே மூன்று பட்டை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அவர் செய்ததைவிட அழகாகவே இருந்தது.

மேலே இருக்கிற வளைவில் நின்று எட்டிப் பார்த்தால் தொழிற்சாலை வாசல் தெரியும். முதல் டிராலி கீழே போய்ச் சேர்ந்து விறகு இறக்குவதைக் கண்ணால் பார்த்துவிட்டு, இரண்டாவது கம்போடு இரண்டாவது டிராலியை விட்டோம். இரண்டாவது வந்து சேரும்வரை கீழே இருப்பவர்கள் கிளம்பக் கூடாது. பேச்சு அவ்வளவுதான். கல் கட்டிய கைப்பிடியையும் நேர்ப்பாதைக்கு இழுத்துக் கயிற்றால் கட்டிவிட்டேன். நடுவில் நிற்க வேண்டாம், கல்லைத் தூக்க ஒருத்தி வேண்டாம், அவளும் மேலே விறகு ஏற்றலாம். மூன்று நாளில் அடுக்கு கோட்டில் பாதி உயரத்துக்கு வந்துவிட்டது. "பாத்தியாடி, ஒரு குச்சியில இருக்கு சூட்சுமம்" என்று நாத்தனாரிடம் பெருமையடித்துக்கொண்டேன். 

நாலாம் நாள் காலை பனிமூட்டம். வளைவில் நின்று பார்த்தால் தொழிற்சாலையும் இல்லை, மலையும் இல்லை, வெறும் வெள்ளை. நாத்தனாரும் மற்ற மூன்று பேரும் முதல் டிராலியோடு கீழே போய்க் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. "இன்னும் எறக்கிட்டுத்தான் இருப்பாங்க" என்றேன் நான். டிராலியில் ஏறிப் பிரேக்கைத் தளர்த்தினேன். தனி ஆள்.

எனக்குத் தெரியாதது என்னவென்றால், அவர் அன்று காலையே திரும்பிவிட்டார். நேரே தொழிற்சாலை வாசலுக்கு வந்திருக்கிறார். விறகு இறக்கி முடித்த நாலு பெண்களும் சும்மா நிற்பதைப் பார்த்துவிட்டு, "கம்பு கையில இருக்குல்ல, அப்புறம் என்ன நிக்கிறீங்க? கெளம்புங்க" என்று சொல்லி, கம்பைத் தானே வாங்கிக்கொண்டு முன்னால் ஏறத் தொடங்கியிருக்கிறார். இரண்டாவது கம்பு ஒன்று மேலே இருக்கிறது என்று நாலு பேருக்கும் தெரியும். சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. என் நாத்தனார் ஒவ்வொரு அடிக்கும் மாதாவுக்கு ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லிக்கொண்டு தள்ளினாளாம்.

பாதி வழியில் கைப்பிடி கயிற்றால் கட்டப்பட்டிருப்பதை அவர் பார்த்தார். யார் கட்டினது என்று கேட்கவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. முதலில் கயிற்றை அவிழ்த்துவிட்டார். கல் தொங்கியது, தடம் மண்மேட்டுப் பக்கம் திரும்பியது. அதற்குப் பிறகுதான் கேட்பதற்காகத் திரும்பியிருக்கிறார். அந்த நேரம் மேலே தண்டவாளம் உறுமியது.

கம்பு அவர் கையில். வண்டி வரவே முடியாது. வேறொருவராக இருந்தால் அதைச் சொல்லிக்கொண்டே நின்றிருப்பார்கள். அவர், "கட்டையைச் சக்கரத்துக்குக் குடு! எல்லாரும் தடத்தை விட்டு வெளிய!" என்று போட்ட சத்தம் பனிமூட்டத்துக்குள்ளே எனக்கே கேட்டது. நான் பிரேக்கை அமுக்கினேன். பிரேக்கின் மரக்கட்டை நனைந்து வழுக்கியது. சேசுவே! கீழே வெள்ளைக்குள்ளே ஏதோ கருப்பாக அசைவது தெரிந்தது. என் நாத்தனாரின் முக்காடு அது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

வண்டி ஒரு பக்கமாகத் தூக்கிப் போட்டது. பிறகு மண். வாயெல்லாம் மண், கிழங்கு இலை. இடுப்புவரை புதைந்து கிடந்தேன். விறகு நாலா பக்கமும் சிதறிக் கிடந்தது. முட்டியில் தோல் போயிருந்தது, வேறு ஒன்றுமில்லை. எழுந்து பார்த்தால், நேர்ப்பாதையில் பத்தடி தள்ளிக் காலி டிராலி நிற்கிறது. நாலு பெண்களும் புல்லில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணினேன். திரும்பவும் எண்ணினேன். அப்புறம் வாந்தி எடுத்தேன்.

அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். என் கையில் இருந்த கம்பைப் பார்த்தார். தன் கையில் இருந்ததைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. என்னை ஒரு அடி அடித்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அதற்குள் கீழேயிருந்து பூட்ஸ் சத்தம் கேட்டது. காட்டு வேலையைப் பார்க்க ஆபீசர் கிராணியோடு ஏறி வந்துகொண்டிருந்தான்.

ஆபீசர் புதைந்த வண்டியைப் பார்த்தான். அதைக் கடந்து வந்து, தொங்குகிற கல்லின் முன்னால் குந்தி உட்கார்ந்தான். கல்லைத் தூக்கினான், விட்டான். தடம் திரும்பியதும் மெல்லத் தலையை ஆட்டினான்.  எழுந்தவன் எங்கள் ஆளின் கையில் இருந்த கம்பை வாங்கி, சுண்ணாம்புப் பட்டையை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு ஒரு விரலை நீட்டி, அவனுக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், "சாத்து?" என்றான். ஒன்றா என்று கேட்கிறான். "சாத்து?"

அவனுக்குப் புரிந்துவிட்டது. ஒற்றைத் தடத்துக்கு ஒற்றைக் கம்பு என்பதை ரயில்காரன்தான் செய்வான். ஆமாம், ஒன்றுதான் என்று யாராவது தலையாட்டினால் போதும், அடுத்த லோரியில் இவர் சயாம். கிராணியின் நெற்றியில் அந்தக் குளிரிலும் வியர்த்தது. இவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்த மனுஷன் பொய் சொல்லமாட்டார், எனக்குத் தெரியும்.

நான் கிழங்குக்கொடியை உதறிக்கொண்டு எழுந்து, என் கம்பை நீட்டினேன்.

"துரை, எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு."

ஆபீசர் திரும்பினான். இரண்டு கம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். கிராணியிடம் ஏதோ குரைத்தான்.

"எதுக்கு ரெண்டுன்னு கேக்குறாரு" என்றார் கிராணி.

"ஒண்ணு வெச்சுக்கிட்டு வேலை ஆவலைங்க. அதான் இன்னொண்ணு செஞ்சுக்கிட்டோம்."

"இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்ததுன்னு கேக்குறாரு."

"வெள்ளைக்காரத் துரை காலத்துலேருந்தே கெடக்குதுங்க. கம்பை வெச்சுக்கிட்டா ராசின்னு சொல்லுவாங்க." இந்த இரண்டாவது பதில் பொய். அதற்கு முன்னால் சொன்னது சத்தியம்.

கிராணி எப்படி மொழிபெயர்த்தாரோ, ஆபீசர் வாய்விட்டுச் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்று முகம் சிவந்தது. என் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டான். காது இரண்டு நாள் இரைந்தது. "ரெண்டு கம்பு வெச்சிருக்குற எடத்துல ரயில் தெரிஞ்சவன் எவனும் இல்லையாம். மாட்டைவிட மோசமாம் நீங்க" என்று கிராணி சொன்னார். அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். ஆபீசர் இரண்டு கம்பில் ஒன்றை முழங்காலில் வைத்து முறித்துப் பள்ளத்தில் எறிந்தான். முறித்தது அவர் செய்தது, மிச்சம் இருந்தது நான் செய்தது. அதை எங்கள் ஆளின் கையில் திணித்து, மூக்குக்கு நேரே ஒற்றை விரலை ஆட்டி, "சாத்து! சாத்து!" என்று கத்தினான். இன்னும் என்னவோ சொன்னான்.

கிராணி இவர் பக்கம் திரும்பினார். "திருப்பிச் சொல்லணுமாம்."

எங்கள் ஆள் முதுகை வளைத்துக் கும்பிட்டார். பேந்தப் பேந்த முழிக்கிற கிராமத்து ஆள் மாதிரி நின்று, ஒரு விரலை நீட்டி, "ஒரே கம்பு. கம்பு கையில இல்லாம வண்டி அசையாது" என்றார். ஆபீசர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு மேலே ஏறிப் போனான். பூட்ஸ் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தோம். அப்புறம் நாத்தனார் களுக்கென்று சிரித்தாள். அவ்வளவுதான், ஐந்து பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம், அழுதோம், எது எது என்று தெரியவில்லை.

அவர் மட்டும் சிரிக்கவில்லை. டிராலிப் பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

"எதுக்கு இன்னொண்ணு வெட்டினே?"

பெயர்ப் பட்டியலைச் சொன்னேன். மேலே சும்மா நிற்கிற வண்டியைச் சொன்னேன். அரைநாள் வீணாகப் போவதைச் சொன்னேன்.

"இதை ஏன் எங்கிட்ட சொல்லல? இதுக்கு வழி இருக்கே. முதல் வண்டிக்குக் கம்பைக் காட்டிட்டு ஒரு சீட்டு குடுக்கணும். அது சீட்டோட எறங்கும். அது போய்ச் சேந்து கீழ தகரத்துல அடிச்ச சத்தம் கேட்டதும் ரெண்டாவது வண்டி கம்போட எறங்கணும். அப்புறம் ரெண்டும் அதே மாதிரி ஏறி வரலாம். எங்க ஸ்டேஷன்ல தினமும் செய்யறதுதான்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் வாயிலிருந்த மண்ணைத் துப்பினேன். "முந்தியே சொல்லித் தொலைச்சிருந்தா நான் ஏண்ணே கம்பு வெட்டப்போறேன்?"

"நீங்க யாரும் கேக்கலையே."

"உங்ககிட்ட யாருண்ணே பேசுவா?" என்றாள் என் நாத்தனார். அந்தப் பயந்தவள் வாயிலிருந்து அது வரும் என்று நான் நினைக்கவே இல்லை. "கீழ நின்னப்பவே எனக்குத் தெரியும், மேல வண்டி வந்தாலும் வரும்னு. சொல்லலாம்னு வாயெடுத்தேன். ஏன், எதுக்கு, யாரு, எப்ப, திருப்பிச் சொல்லுன்னு ஆரம்பிப்பீங்க. ஒரு வார்த்தை பிசகினா மொதல்லேருந்து. பயந்துக்கிட்டு பேசாம தள்ளிட்டு வந்துட்டேன். செத்தாலும் சாகலாம், உங்ககிட்ட சொல்ல முடியாதுண்ணே."

அவர் கம்பை மடியில் கிடத்தினார். பிறகு அவளைப் பார்த்து, "என் மேலதான் தப்பு தாயி" என்றார். அவ்வளவு பெரிய மனுஷன் அப்படிச் சொல்லிவிட்டார். என் மேலேதான் எல்லாத் தப்பும் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவர் எழுந்து மண்வெட்டி கேட்டார்.

மத்தியானத்துக்குள் வண்டியை மண்ணிலிருந்து எடுத்தோம். தேயிலைப் பெட்டிப் பலகையை உடைத்து உள்ளங்கை அகலத்தில் ஒரு சீட்டு செய்தார். கம்பைக் கண்ணால் பார்த்து, கையால் தொட்ட பிறகுதான் சீட்டு. மிச்சம் இருந்த நாட்களில் இரண்டு டிராலியும் மாறி மாறி இறங்கின, ஏறின. கைப்பிடியில் கல் தொங்கியபடியே இருந்தது. ஒவ்வொரு முறையும் நின்று, ஒருத்தி இறங்கித் தூக்கினோம். யாரும் முணுமுணுக்கவில்லை.

ஏழாம் நாள் காலையில் ஆபீசர் வந்து சுவரில் கிழித்த கோட்டைப் பார்த்தான். விறகு அதற்கு மேலே ஒரு சாண் நின்றது. காரில் ஏறிக் கோலா தெர்லா பக்கம் போய்விட்டான். கிராணி அந்தப் பெயர்க் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அதை யாரும் கேட்கவில்லை.

அன்று மத்தியானம் என் வீட்டுக்காரர் காட்டிலிருந்து சீக்கிரம் வந்தார். அவித்த கிழங்கு இரண்டு சாப்பிட்டார். கையைக் கழுவிவிட்டுப் பாயில் சாய்ந்தவர் அடுத்த நிமிஷம் குறட்டை விட்டார். லயமே அதிர்கிற குறட்டை. ஒரு வாரமாகப் பக்கத்தில் படுத்திருந்த மனுஷன் ஒரு ராத்திரிகூட குறட்டை விடவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெயர் பட்டியலில் இருந்தது அவருக்கும் தெரிந்திருக்கிறது. என்னிடம் சொல்லாமலே இருந்திருக்கிறார். நானும் அவரிடம் சொல்லாமலே இருந்தேன்.

வாசலில் நிழல் தட்டியது. திருப்பிச்சொல்லிதான், மறுநாள் வேலையைப் பற்றிச் சொல்ல வந்திருந்தார். கையில் கம்பும் சீட்டும். வாயைத் திறந்தவர் உள்ளேயிருந்து வந்த குறட்டையைக் கேட்டு நின்றார். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"தூங்கட்டும்" என்று மட்டும் மெல்லச் சொல்லிவிட்டு, சத்தம் வராமல் அடியெடுத்து வைத்துப் போனார்.